ஊட்டிக் கெடுத்த வயிறு

கண்ணுகளா, போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான். "பின்ஜன்னல் தொறந்தாச்சாப்பா?" நான் "ஆகும், ஆகும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டீங்களா, மாமா வீட்டு மாடு கன்று போட்டதா என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவனின் எழுத்து இது. உங்களுக்குக் கன்னடம்தான் வேகமாகப் படிக்க வரும். தமிழை அம்மா படித்துச் சொல்வாள். அவளுக்கும் இதில் பாதி தெரியாது.

நம் மைசூரு வீட்டின் பின்ஜன்னல் குப்பைமேட்டைப் பார்த்தது என்று உங்களுக்குத் தெரியும். சின்னவள் அதை மலை என்றே நினைத்திருந்தாள். சாமுண்டி மலைக்குப் படி இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்டவள் அவள். அந்த மேடு கோடையில் தானாகவே தீப்பிடிக்கும். போன கோடையில் பிடித்த தீ லேசில் அடங்கவில்லை. அம்மா பழைய பேப்பரைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டினாள். அப்படியும் புகை வந்தது. சின்னவளுக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் சீட்டு எழுதிவிட்டு, "மருந்து நான் தர்றேன். காத்துக்கு நான் எங்கப்பா போறது?" என்றார். அதனால்தான் உங்களை அம்மாவோடு மார்டள்ளிக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பினேன்.

பஸ் ஏறும்போது பெரியவன் கேட்டான், எப்போது திரும்பி வரலாம் என்று. "பின்ஜன்னல் தொறக்கற அன்னிக்கு" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னது அல்ல அது. அப்போது என்னிடம் ஒரு நம்பிக்கை இருந்தது.

நான் வேலை பார்த்த ப்ளான்ட்டை நீங்கள் ஒருதரம் பார்த்திருக்கிறீர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. மார்க்கெட் குப்பையும் பக்கத்து வட்டாரங்களின் ஈரக்குப்பையும் அங்கே வரும். பிளாஸ்டிக்கையும் துணியையும் ஓர் அக்கா பொறுக்கி எடுப்பார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், வாய் நிறைய வெற்றிலை. மிச்சத்தை நான் அரவை மெஷினில் கொட்டி, கூழாக்கி, தண்ணீர் கலந்து, மூடிய பெரிய தொட்டிக்குள் விடுவேன். உள்ளே அது காற்றில்லாமல் ஊறி, வாயு விடும். அந்த வாயு ஷெட்டில் கிடக்கும் ரப்பர் பலூனில் போய் நிறையும். சினை எருமை படுத்த மாதிரி இருக்கும் அந்தப் பலூன். அங்கிருந்து குழாய் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாணவர் விடுதியின் அடுப்புக்குப் போகும்.

ஆரம்பத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்ஜினியர் மேடம் ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்ப் பெண். மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். முதல் நாள் தொட்டியைத் தட்டிக் காட்டி, "இதை மெஷினுன்னு நினைக்காதீங்க. இது ஒரு வயிறு. உள்ள உயிர் இருக்கு" என்றார். எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. மாட்டு வயிற்றைப் பார்த்து வளர்ந்தவன்தானே.

அவர் வேறொன்றும் சொன்னார். மண்டியா பக்கம் கரும்புச் சோகையை வயலிலேயே கொளுத்துகிறார்கள், கொள்ளேகாலில் பட்டுப்புழு தின்று கழித்த தழை குவிகிறது, நஞ்சன்கூட்டில் வாழைத்தண்டு அழுகுகிறது, குடகில் காப்பிப்பழத் தோல் ஆற்றில் போகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கழிவைச் சேர்த்துப் பிடித்தால் எத்தனையோ அடுப்பு எரியும், பஸ்கூட ஓடும் என்றார். அதற்கப்புறம் எனக்குக் கண்ணே மாறிவிட்டது. உங்களைப் பார்க்க மார்டள்ளிக்கு பஸ்ஸில் வரும்போது, வழியில் சோகை எரிகிற புகையைப் பார்த்தால் வயிறு எரியும். மக்காச்சோளத் தட்டு, தேங்காய் மட்டை, கோழிப்பண்ணை எரு என்று எதைக் கண்டாலும் அடுப்பாகத் தெரியும். அக்கா கிண்டல் செய்வார்.

"தம்பி கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காது. எச்செலை எங்க கொட்டறாங்கன்னுதான் பாக்கும்."

"நீங்க மட்டும் என்னக்கா, தேங்கா மூடி எடுத்துட்டுப் போறதில்லையா?"

"அது வெறகுக்குடா. நீ கவர்மென்ட்டு அடுப்புக்கு அலையறே."

ஆனால் மேடம் சொன்னதில் என் நெஞ்சில் நின்றது கடைசி வாக்கியம்தான். இந்த ஒரு ப்ளான்ட் ஒரு வருஷம் நிற்காமல் ஓடிக்காட்டினால், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று கட்டுவார்கள். அப்போது மேட்டுக்கு ஈரக்குப்பை போகாது. மேடு ஏன் தானாகத் தீப்பிடிக்கிறது தெரியுமா? அதன் உள்ளேயும் இதே வாயுதான் ஊறுகிறது. நாங்கள் பலூனில் பிடித்து அடுப்பில் எரிப்பதை, அங்கே பிடிக்க ஆளில்லை. அது கிடைத்த இடத்தில் வெடித்து எரிகிறது. ஈரக்குப்பை அங்கே போகாவிட்டால் தீ இல்லை, புகை இல்லை, ஜன்னலைத் திறக்கலாம், நீங்கள் வரலாம். என் கணக்கு இவ்வளவுதான்.

ப்ளான்ட் நன்றாகத்தான் ஓடியது. விடுதிச் சமையல்காரர் மேல்கோட்டைக்காரர், ஐயங்கார். அவருக்கு அந்த நீல நெருப்பின் மேல் அப்படி ஒரு பிரியம். காலையில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னிக்கு வயிறு எப்படிப்பா இருக்கு?" என்பார். "ஏப்பம் விட்டுட்டு இருக்குதுங்க சாமி" என்பேன். எப்போதும் அளவாகத்தான் போட்டேன். மேடம் எழுதி ஒட்டிய அளவு சுவரில் இருந்தது.

பிறகு தசரா வந்தது, ஆயுத பூஜை வந்தது.

மைசூரில் அன்றைக்கு ஸ்பேனரிலிருந்து பஸ் வரைக்கும் பொட்டு வைக்காத இரும்பு இருக்காது. நாங்களும் அரவை மெஷினுக்கு வாழைக்கன்று கட்டினோம். பலூனுக்குச் செவ்வந்தி மாலை சாத்தினோம். அக்கா தொட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். எங்கள் சூப்பர்வைசர் மைசூரிலேயே பிறந்த தமிழர், பேச்சில் பாதி கன்னடம். அவர் கற்பூரம் ஏற்றப் போனார். வாயு இருக்கிற இடம், வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். அந்தப் புத்தி இருந்தது. அடுத்து வந்ததற்கு யாருக்கும் இல்லை.

சமையல்காரர் ஒரு அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாமி, எங்களுக்கு எதுக்கு இவ்வளவு?"

"உங்களுக்கு யார் கொண்டுவந்தா? அதுக்கு" என்று தொட்டியைக் காட்டினார். "இத்தனை மாசமா என் அடுப்புக்கு நெருப்புக் கொடுத்திருக்கு. எல்லா மெஷினுக்கும் எலுமிச்சம்பழம். இது வயிறாச்சே. வயித்துக்கு எலுமிச்சம்பழத்தைக் காட்டினா போறுமா?"

சூப்பர்வைசர் சிரித்தார். "சரியாவே சொன்னீங்க சாமி. ஹப்பதன்னிக்கு, பண்டிகை நாளும் அதுவுமா, யாரையாச்சும் பட்டினி போடுவாங்களா?"

எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நம் ஜனம் வேறெப்படி நினைக்கும்? அண்டா உள்ளே போனது. அதைப் பார்த்த ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தங்கள் பூஜைக் கேசரியைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து மண்டபத்தில் அன்னதானம் மிஞ்சிவிட்டது என்று சோறும் பாயசமும் வந்தன. குப்பையில் போட்டால் பாவம், இந்த வயிற்றில் போட்டால் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டே கொட்டினார்கள். நானும் பொங்கலை ஒரு கை தின்றுவிட்டு ஒரு கை போட்டேன். மறுநாள் மார்க்கெட் லாரியில் உடைத்த பூசணியும் நசுங்கிய எலுமிச்சையும் வந்து இறங்கின. அதையும் அரைத்து விட்டோம்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால், பலூன் ஷெட்டின் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அப்படி அது உப்பிப் பார்த்ததே இல்லை. விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வருகிறது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். சூப்பர்வைசர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். நான் அம்மாவுக்கு அனுப்பினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், மாலையோடு ஒரு பெரிய பலூன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சமையல்காரர் குரல் வந்தது.

"ஏம்ப்பா! வால்வைத் திறந்தியா?"

"தொறந்துதானுங்க இருக்குது."

"புஸ்ஸுனு காத்து வரது. நெருப்புப் பிடிக்கவே மாட்டேங்கறதே!"

ஓடினேன். அடுப்பில் வாயு பாய்கிற சத்தம் கேட்கிறது. தீக்குச்சியைக் காட்டினால் யாரோ வாயால் ஊதின மாதிரி குச்சி அணைகிறது. இன்னொரு குச்சி, அதுவும் அணைந்தது. பெட்டி காலியாகும் வரை கிழித்தோம். மூக்கில் ஒரு வாடை வந்தது. வழக்கமான சாணி வாடையைக் காணோம். குழந்தை பால் கக்கினால் வருமே, அந்த வாடை.

மேடத்துக்குப் போன் போட்டேன். என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "புளிச்சுப் போச்சுங்க. உள்ள இருக்கிற உயிர் சாகுது. இப்ப பலூன்ல இருக்கறது எரியாத காத்து. இனிமே ஒரு பருக்கை போடக்கூடாது. சுண்ணாம்பு கரைச்சு விடுங்க, சாணி விடுங்க, வாரக்கணக்குல பட்டினி போடுங்க. பொழைச்சாலும் பொழைக்கும்" என்றார்.

அக்கா இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து நீட்டினார். "இந்தா தம்பி. இவ்ளோ பெரிய வயித்துக்கு இது எந்த மூலைக்கு? இருந்தாலும் என் பங்கு." நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு மூட்டை மூட்டையாக வாங்கிக் கரைத்து விட்டோம். சுண்ணாம்பு கிடைத்துவிட்டது. பட்டினி போடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. "எங்க கவுக்கறது, என் தலையிலயா?" என்று சூப்பர்வைசர் என் மேல் விழுந்தார். பிறகு அவரே டிரைவரிடம் கையைக் காட்டினார். லாரிகள் திரும்பி நம் வீட்டுப் பின்பக்கத்து மேட்டுக்குப் போயின. போகிற ஒவ்வொரு லாரியையும் வாசலில் நின்று பார்த்தேன்.

இதற்கு நடுவே தொட்டி வாடை மாறவே இல்லை. ஒரு காலையில் சீக்கிரமே போனேன். கூழ் விடுகிற வாயில் சமையல்காரர் குனிந்து நின்றுகொண்டிருந்தார், கையில் தூக்குவாளி.

"சாமி, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். வாளியில் மோர் சாதம். இஞ்சி, பெருங்காயத்தோடு.

"வயிறு சரியில்லேன்னா இதுதானேப்பா கொடுப்பா? எங்காத்துக் கொழந்தைக்கும் இதுதான்."

"புளிச்ச வயித்துல மோரா?"

"கொஞ்சம்தான். தினம் ஒரு வாளி. பசியோட கெடக்கற ஜீவன் பக்கத்துல நான் எப்படி அடுப்பு மூட்டிச் சமைப்பேன், சொல்லு. எனக்கு மனசு வரலை."

அவர் கண் கலங்கியிருந்தது. வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். மோர் சாதத்தை நானும் அக்காவும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

சாணிக்கு அலைந்தேன். ஊர் ஓரத்து மாட்டுக்கொட்டகை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். எல்லாரும் சொன்னது ஒன்றே. இஞ்சிப் பயிர் போடுகிறவர்கள் எருவுக்கு முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள், சாணி மாட்டுக்குள் இருக்கும்போதே விற்றுவிட்டது. ஒரு கொட்டகைக்காரர் மட்டும், "மாட்டுக்கு வயித்துப்போக்குன்னா மருந்து கேப்பாங்க. தொட்டிக்கு அஜீரணம்னு சாணி கேக்க வந்த மொத ஆளு நீதான்பா" என்று சிரித்து ஒரு ட்ராக்டர் லோடு கொடுத்தார். அதை நானே கரைத்து, கல் பொறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கூழ் கதகதப்பாக இருக்கிறதா என்று காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவது போலத் தொட்டியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் வாடை மாறியது. சாணி வாடை. ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினேன். சமையல்காரர் குச்சி கிழித்தார். பர்னரின் ஒரே ஒரு ஓட்டையில், முல்லை மொட்டு அளவுக்கு, நீலமாக நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம், எங்கள் மூச்சுப் பட்டே அணைந்துவிடுமோ என்று.

அன்றுதான் நான் போனில், "தீபாவளி கழிஞ்சு வந்துருங்க" என்றேன். பெரியவன் அப்போதே பையைக் கட்டிவிட்டான் என்று அம்மா சொன்னாள். நான் வீட்டுக்கு வந்ததும் பின்ஜன்னலில் அம்மா ஒட்டிய பேப்பரை எல்லாம் ஈரத்துணி வைத்து ஊறவைத்து உரித்தேன். கதவு இறுகிப் போயிருந்தது. திறக்கவில்லை. நீங்கள் வந்து திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பலூன் தரையோடு கிடந்தது. சூப்பர்வைசருக்கு வேர்த்துவிட்டது.

"கொஞ்சமா லோடு போடு. ஒரே ஒரு நாள்."

"வேண்டாங்க சார். இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்குது. தாங்காது."

"வர்றவங்க கண்ணுக்கு காலி பலூனா காட்டறது? மூடிட்டுப் போயிருவாங்க குரு. அப்புறம் நீ இல்லே, நான் இல்லே."

அவர் சொன்னதும் பொய் இல்லை. போட்டாலும் சாகும், போடாவிட்டாலும் மூடுவார்கள். போட்டோம். மறுநாள் வந்தவர்கள் பார்க்கும்போது தொட்டியின் மூடி இடுக்கில் நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒருவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். அடுப்பைப் பார்க்க யாரும் போகவில்லை. பார்த்திருந்தாலும் அங்கே அந்த மொட்டு இல்லை.

மூடிவிட்டார்கள். பலூனைக் காற்றிறக்கிப் பாய் மாதிரி சுருட்டி ஒரு வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். அதில் காய்ந்த செவ்வந்தி ஒட்டியிருந்தது. ஷெட்டில் இப்போது பழைய அட்டைப்பெட்டி அடுக்குகிறார்கள். மேடத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். வட்டாரத்துக்கு ஒன்று என்ற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. நானாக எடுத்தால், "இங்க அதெல்லாம் சரிப்படாது, போட்டுப் பாத்தாச்சே" என்கிறார்கள். ஒரு வயிறு கெட்டதற்கு ஊரில் உள்ள அத்தனை அடுப்பும் போயிற்று. சோகை எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சமையல்காரர் சிலிண்டரில் சமைக்கிறார். சுவருக்கு மேல் தலை நீட்டுவதில்லை.

கடைசி நாளில் அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அத்தனை பேரு சோத்தைத் தின்னுச்சே தம்பி. போகும்போது ஒரு கருமாதிச் சோறுகூடப் போடாமப் போயிருச்சு." யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு வேலை போகவில்லை. லாரியில் ஏற்றி இறக்குகிற வேலை கொடுத்தார்கள். எங்கே இறக்குகிறேன் என்று கேட்காதீர்கள். மேட்டின் மேல் நின்றால் நம் வீட்டின் ஓடு தெரிகிறது. என் கையாலேயே கொட்டுகிறேன். கூடையைக் கவிழ்க்கும்போது காலுக்கடியில் அது கதகதப்பாக இருக்கும், தொட்டி இருந்த மாதிரியே. உள்ளே அது தன் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கிறது. கோடைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

பெரியவனே, நீ பையைப் பிரித்துத் துணியை எடுத்து வைத்துவிடு. இந்த வருஷப் படிப்பு அங்கேயே முடியட்டும். அடுத்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

ப்ளான்ட்டை மூடிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் தனியாக இருந்தேன். மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினேன். கன்னடப் பேப்பரை நீளநீளமாகக் கிழித்தேன். பின்ஜன்னலில் மேலிருந்து ஆரம்பித்து, இடுக்கு விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தேன். கீழ்க்கண்ணாடியின் ஓரத்தில் சின்னவள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருந்தது. பாதி சட்டத்திலும் பாதி கண்ணாடியிலுமாக இருந்தது. அந்த இடம் வந்ததும் பேப்பரை அதன் சிறகு அளவுக்கு வளைத்துக் கிழித்து, அதன் மேல் படாமல் சுற்றி ஒட்டினேன்.